இருபத்து நான்கு துண்டுகள்

நவம்பர் 3, திங்கள்

பல்கலைக்கழக வரலாற்றில் இடம்பெறத் தக்க முடிவு ஒன்றை இன்று எடுத்தேன். புதிதாக வந்திருக்கும் ஃபயர்வால் பெட்டியை இரும்பு அலமாரியின் இரண்டாம் தட்டில் வைப்பதா, மூன்றாம் தட்டில் வைப்பதா என்ற கேள்வி போன வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டாம் தட்டில் காற்றோட்டம் உண்டு, ஆனால் குனிய வேண்டும். மூன்றாம் தட்டு கண்ணுக்கு நேராக இருக்கும், ஆனால் மேலே ஏசி சொட்டுகிறது. இரு தரப்பையும் நடுநிலையோடு ஆராய்ந்து, இரண்டாம் தட்டு என்று தீர்ப்பளித்தேன். சாட்சியாக ஸ்கேன் அறையின் எஸ்தர் ரூபி மட்டும் இருந்தாள்.

"கடிக்குமா சார் இது?" என்றாள்.

"உன்னைக் கடிக்காது," என்றேன்.

ஓய்வு பெற்றபின் இந்தக் குறிப்புகளைப் புத்தகமாக்கும் எண்ணம் இருப்பதால், வாசகர் பொருட்டுச் சில விவரங்கள். என் பெயர் சங்கரலிங்கம். பாளையங்கோட்டையில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் கணினி மையப் பொறுப்பாளன். இங்கே விடைத்தாள்களைக் காகிதமாகத் திருத்துவதில்லை. ரூபி ஸ்கேன் செய்வாள். ஒவ்வொரு பக்கமும் படமாகி, கம்பி வழியே திருத்தும் கூடத்துக்குப் போகும். பேராசிரியர்கள் திரையில் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். அந்தக் கம்பியின் நடுவில்தான் புதிய பெட்டி உட்கார்ந்திருக்கிறது. கெட்டது எதுவும் கம்பி வழியே நுழையாமல் காவல் காக்க இது அவசியம் வேண்டும் என்று தணிக்கைக்கு வந்தவர் சொன்னதால் வாங்கியது.

பெட்டியை அமைக்கும்போது அது ஏகப்பட்ட கேள்விகள் கேட்டது. கம்பியில் போகும் ஒரு பாக்கெட், அதாவது தகவல் பொட்டலம், அதிகபட்சம் எத்தனை துண்டுகளாக வரலாம், எதற்கு மேல் போனால் தள்ளிவிட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. கம்பெனியிலிருந்து வரும்போது இருநூறு என்று இருந்தது. குறைத்து வைப்பதே பாதுகாப்பு என்று தணிக்கையாளர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டுக் கதவு எண் இருபத்து நாலு. மறக்காது என்பதால் அதையே போட்டேன்.

எலுமிச்சை சாதத்தில் உப்பு குறைவு.

நவம்பர் 5, புதன்

தேர்வுகளுக்குப் பொறுப்பான கன்ட்ரோலர், டாக்டர் அருளானந்தம், பெட்டியைப் பார்வையிட வந்தார். குனிய மறுத்துவிட்டார். இரண்டாம் தட்டின் ஒரே குறை அது.

"என்னவே செய்யும் இது?"

விளக்கினேன். பெரிய படம் கம்பியில் முழுசாகப் போகாது. அதை அனுப்பும்போது ரயில் பெட்டிகள் மாதிரி துண்டு போட்டு விடுவார்கள். போகிற ஊரின் பெயர் எஞ்சினில் மட்டும்தான் எழுதியிருக்கும்; பின்னால் வருகிற பெட்டிகளில் இருக்காது. நம் பெட்டி எல்லாத் துண்டுகளையும் பிடித்து வைத்து, வரிசையாகக் கோத்து, முழுசாக ஒரு தடவை சோதித்துப் பார்க்கும். நல்லதாக இருந்தால் மறுபடி பழையபடி துண்டு போட்டு அனுப்பிவிடும். கோத்ததும் தெரியாது, பிரித்ததும் தெரியாது.

"கெட்டதா இருந்தா?"

"கீழே போட்டுவிடும்."

"போட்டேன்னு சொல்லுமா?"

"சொல்லாது சார். இது பிரிட்ஜ் முறையில் வைத்தது. இதற்கென்று முகவரி கிடையாது. நடுவில் ஒன்று இருப்பதே இரண்டு பக்கத்துக்கும் தெரியாது."

கன்ட்ரோலருக்கு மிகவும் பிடித்துவிட்டது. "பேரும் கிடையாது, கேட்டா பதிலும் கிடையாது. நம்ம ஆபீஸ்ல இப்படி நாலு பேரு இருந்தா நல்லா இருக்கும்வே," என்றார்.

நவம்பர் 10, திங்கள்

விடைத்தாள் திருத்துதல் தொடங்கியது. கூடத்தில் டீ நன்றாக இருந்தது.

நவம்பர் 13, வியாழன்

கேன்டீனில் பேராசிரியர் முத்துக்கருப்பன் வடையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "இந்த வருசம் பயலுவ ஒண்ணும் எழுதலவே. முதப் பக்கத்துல பேரு, நம்பரு. அதுக்கு மேல பாதிப் பேருக்கு வெள்ளைத் தாளு. நல்லாப் படிக்கிற காலேஜுன்னு நெனச்ச எடத்துலதான் ரொம்ப மோசம்."

"முழுக்கவா வெள்ளை?"

"நடுவுல அங்கங்க ஒரு படம், ரெண்டு வரி. மத்தபடி சுத்த வெள்ளை. எனக்கென்ன, மத்தியானத்துக்குள்ள ஒரு கட்டு முடிச்சிருதேன். வெள்ளைத் தாளுக்கும் அதே காசுதான வே?"

இந்த ஆண்டு சிக்கன நடவடிக்கையாக அடிஷனல் ஷீட் கொடுப்பதை நிறுத்திவிட்டோம். கொடுத்திருக்கும் தாளுக்குள் எல்லாவற்றையும் எழுதி முடிக்க வேண்டும். மாணவர்கள் மனம் உடைந்து எழுதுவதையே விட்டிருக்கலாம் என்று ஊகித்தேன். முத்துக்கருப்பனும் ஒப்புக்கொண்டார்.

நவம்பர் 19, புதன்

திருத்துதல் இரண்டு நாள் முன்னதாகவே முடிந்தது. இப்படி நடந்ததே இல்லையாம். புதிய பெட்டி வந்தபிறகு வேகம் கூடியிருக்கிறது என்று கன்ட்ரோலர் கூட்டத்தில் அறிவித்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார். ரூபிதான் எல்லோரையும்விட அதிகமாகக் கை தட்டினாள். பொன்னாடையின் நிறம் பச்சை.

டிசம்பர் 3, புதன்

தேர்வு முடிவுகள் வெளியாயின. போன வருடத்தைவிடக் கணிசமான சரிவு. மாலைக்குள் கன்ட்ரோலர் அறை வாசலில் கூட்டம்.

அதில் ஒரு பெண், கடையத்திலிருந்து வந்த உலகம்மாள், சிவில் மூன்றாம் ஆண்டு. எல்லாப் பருவத்திலும் முதலிடம். இப்போது ஒரு பாடத்தில் பதினோரு மதிப்பெண். காசு கட்டித் தன் விடைத்தாளின் நகலை அங்கேயே வாங்கிவிட்டாள். பக்கம் பக்கமாக வெள்ளை.

"நான் எழுதினேன் சார்! அடிஷனல் ஷீட் கெடையாதுன்னு சொல்லிட்டாங்கன்னு பொடி எழுத்துல நெருக்கி நெருக்கி எழுதினேன். மார்ஜினக்கூட விடல!"

அவள் அப்பா பக்கத்தில் நின்றார். நகலைத் தலைகீழாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

டிசம்பர் 5, வெள்ளி

கிடங்கிலிருந்து உலகம்மாளின் கட்டை எடுத்து அவிழ்த்தார்கள். காகிதத்தில் எழுதித்தான் இருக்கிறது. எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்து. பக்கத்துக்கு அறுபது வரியாவது இருக்கும்.

காகிதத்தில் இருக்கிறது, திரையில் இல்லை. "அப்போ ஸ்கேன்லதான்வே போயிருக்கு," என்றார் கன்ட்ரோலர். "ரெண்டு தாள் ஒட்டிப் போயிருக்கும். இல்ல, அந்தப் பொண்ணு போனைப் பாத்துக்கிட்டே பின்பக்கத்தை ஸ்கேன் பண்ணிருக்கும்."

ரூபியைக் கூப்பிட்டார்கள். ஆறு வருடமாக இங்கே ஒப்பந்த ஊழியர். கணவர் சவூதியில் இருந்து வேலை போய்த் திரும்பி வந்தவர். வீட்டில் வருமானம் இவளுடையது மட்டும்.

"ஒவ்வொரு கட்டையும் விசிறி, தட்டி, ஓரம் சேத்துத்தான் சார் வைப்பேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் 'அனுப்பியாச்சு'ன்னு பச்சை டிக் விழுந்த பெறகுதான் அடுத்ததுக்கே போவேன். சங்கரலிங்கம் சாரைக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "பச்சை டிக் விழுவது உண்மைதான்," என்றேன். அது உண்மை. அந்த மென்பொருள் படத்தை அனுப்பினால் டிக் போட்டுவிடும். போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் அதற்கு இல்லை. அதை யாரும் கேட்கவில்லை.

டிசம்பர் 6, சனி

விடுமுறை. ஆனாலும் அலுவலகம் போனேன். பொழுதுபோகாமல் ஸ்கேன் அறையில் சில தாள்களை வைத்துப் பார்த்தேன்.

ஒரே ஒரு வரி எழுதிய தாள்: போய்ச் சேர்ந்தது. என் மனைவி கோமதி கொடுத்தனுப்பிய மளிகைச் சீட்டு: போய்ச் சேர்ந்தது. செய்தித்தாளின் வரி விளம்பரப் பக்கம்: பச்சை டிக் விழுந்தது, திருத்தும் கூடத்துத் திரையில் சுத்தமான வெள்ளை. மூன்று முறை வைத்தேன், மூன்று முறையும் வெள்ளை. படம் வந்து சேராத பக்கத்தை அந்தத் திரை வெள்ளையாகவே காட்டும்.

எழுத்து கூடக் கூடப் படத்தின் கனம் கூடும். கனம் கூடினால் துண்டும் கூடும். மளிகைச் சீட்டு எட்டுத் துண்டு. விளம்பரப் பக்கம் முப்பத்தேழு.

பிறகு, வழக்கமான பராமரிப்பின் பகுதியாக, பெட்டியில் ஒரு எண்ணை இருபத்து நாலிலிருந்து அறுபதாக மாற்றினேன். விளம்பரப் பக்கத்தை மறுபடி வைத்தேன். நாகர்கோவிலில் இரண்டு படுக்கையறை வீடு விற்பனைக்கு இருக்கிறது என்பது வரை தெளிவாகத் தெரிந்தது.

எண்ணெய்க் கத்தரிக்காய் வைத்திருந்தாள் கோமதி. பசி இல்லை.

டிசம்பர் 8, திங்கள்

கன்ட்ரோலரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று போனேன்.

"வாரும்வே, நானே ஆள் விடணும்னு இருந்தேன். விசாரணைக் கமிட்டி போட்டாச்சு. மூணு பேரு. நான், முத்துக்கருப்பன், தொழில்நுட்பத்துக்கு நீரு. என்ன சொல்ல வந்தீரு?"

"ஏசி சொட்டுகிறது சார்," என்றேன்.

"சொல்லிருதேன்," என்றார்.

டிசம்பர் 10, புதன்

ரூபிக்கு ஒரு பிளம் கேக் வாங்கிப் போனேன். விசாரணை முடியும்வரை ஸ்கேன் செய்யக் கூடாது என்று சொல்லியிருப்பதால் அவள் சும்மா உட்கார்ந்து மெஷின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு சார் இது?"

"கிறிஸ்துமஸுக்கு."

"இன்னும் ரெண்டு வாரம் கெடக்கே! அதுவும் கிறிஸ்துமஸுக்கு நாங்கதான சார் உங்களுக்குக் கேக் தரணும்? நீங்க தீவாளிக்குத் தந்த முறுக்கே இன்னும் டப்பால இருக்கு." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "சார், இந்த மெஷின்ல நான் ஸ்கேன் பண்ணினதெல்லாம் உள்ள இருக்கும்லா? அதை எடுத்துப் பாத்தா நான் ஒழுங்காத்தான் பண்ணேன்னு தெரிஞ்சிரும்லா?" என்றாள்.

"பார்க்க வேண்டும்," என்றேன்.

"நீங்க பாத்தா போதும் சார். நீங்க சொன்னா அவுக கேப்பாக."

டிசம்பர் 12, வெள்ளி

கமிட்டி கூடியது. முறுக்கும் காபியும் வந்தன. ரூபி நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி இருந்தது, யாரும் உட்காரச் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம்.

முத்துக்கருப்பன், எதிர்பாராத விதமாக, ஒரு நல்ல கேள்வி கேட்டார். "ஓய் சங்கரலிங்கம், இங்கேருந்து அங்க போறதுக்குள்ள நடுவுல வேற எதுவும் முழுங்கிருக்காதா?"

நெட்வொர்க் வரைபடத்தை மேசையில் விரித்தேன். ஸ்கேன் அறையிலிருந்து திருத்தும் கூடம்வரை நேராக ஒரு கோடு. முகவரி உள்ளவற்றை மட்டுமே வரைபடத்தில் போடுவது எங்கள் மையத்தின் நடைமுறை. பெட்டிக்கு முகவரி கிடையாது.

"நடுவுல ஒண்ணுமில்லையே," என்றார் முத்துக்கருப்பன்.

"அந்தப் பொன்னாடைப் பெட்டி?" என்று கன்ட்ரோலர் கேட்டார்.

"நேற்றும் சோதித்தேன் சார். நன்றாக வேலை செய்கிறது." நேற்று சோதித்தேன். நன்றாகத்தான் வேலை செய்கிறது.

ரூபி சொன்னாள்: "சார், மெஷின்ல காப்பி இருக்கும். அதை மட்டும் பாத்துருங்க சார். அதுல வெள்ளையா இருந்தா என்னையத் தூக்கிருங்க. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

"நியாயந்தானவே," என்றார் கன்ட்ரோலர். பிரதிகள் உள்ளனவா என்று தொழில்நுட்ப உறுப்பினர் பார்த்து, செவ்வாய்க்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

டிசம்பர் 13, சனி

பார்த்தேன். இருக்கின்றன. ஒரு பக்கம்கூடப் பாக்கியில்லை. எல்லாம் நேராக, ஓரம் பிசகாமல், தேதியோடு.

உலகம்மாளின் ஆறாம் கேள்விக்கான விடையை முழுதும் படித்தேன். ஒரு உத்தரத்தின் நடுவில் பாரம் வைத்தால் அது எங்கே வளையும், எங்கே விரிசல் விடும் என்பது கேள்வி. மிகச் சரியாக எழுதியிருக்கிறாள். படத்தின் ஓரத்தில் இடம் போதாமல், கடைசி வரியை மார்ஜினில் செங்குத்தாக எழுதி முடித்திருக்கிறாள்.

வீட்டில் கோமதி, "என்னங்க, ரெண்டு நாளா சோத்தப் பெசஞ்சுகிட்டே இருக்கீங்க? ஆபீஸ்ல யாரும் எதுவும் சொன்னாங்களா?" என்றாள்.

"யாரும் ஒன்றும் சொல்லவில்லை."

"அப்போ நீங்க யாரையாச்சும் சொன்னீங்களா?"

"நானும் ஒன்றும் சொல்லவில்லை."

"பெறகென்ன, சாப்பிடுங்க."

டிசம்பர் 15, திங்கள்

காலை: கன்ட்ரோலர் அறைக்கு மறுபடி போனேன். உண்மையிலேயே சொல்லிவிடுவது என்று எழுதி வைத்துக்கொண்டே போனேன். அவர் போனில் யாரிடமோ, "பெட்டி நம்ம கையெழுத்துல வாங்கினது, அதுல ஒண்ணும் கொறை கெடையாது, எல்லாம் அந்தக் கான்ட்ராக்ட் பொண்ணு பண்ணுன கூத்து," என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனைப் பொத்திக்கொண்டு, "ஏசி சரியாயிட்டாவே?" என்றார்.

"ஆயிற்று சார்."

ஆகவில்லை. இந்தக் குறிப்பேட்டில் பதிவாகும் என் ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும்.

பிற்பகல்: பிரதிகள் பற்றிய அறிக்கை எழுத உட்கார்ந்தேன். எழுத்தில் பொய் சொல்லக் கூடாது என்பதில் நான் கண்டிப்பானவன். ஆகவே முதலில் ஸ்கேன் அறைக் கணினியை ஃபார்மட் செய்தேன். அது கொஞ்ச நாளாகவே மந்தமாக இருந்தது. முடிந்தபிறகு வந்து, "பரிசோதித்தேன். கணினியில் பிரதிகள் எதுவும் இல்லை," என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஃபார்மட் ஓடி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. திரையில் ஒரு கோடு மெல்ல நீண்டுகொண்டிருந்தது. நடுவில் நிறுத்தலாம் என்று அதிலேயே ஒரு பொத்தான் இருந்தது.

டிசம்பர் 16, செவ்வாய்

கமிட்டியில் அறிக்கையைக் கன்ட்ரோலர் வாசித்தார். ரூபி என்னைப் பார்த்தாள்.

"நல்லாப் பாத்தீங்களா சார்?"

"பார்த்தேன்."

"சரி சார்," என்றாள். அழுவாள் என்று நினைத்து முத்துக்கருப்பன் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். அவள் அழவில்லை. "நீங்க பாத்து இல்லேன்னா, இல்லதான்," என்றாள்.

டிசம்பர் 19, வெள்ளி

ரூபியை ஒப்பந்தத்திலிருந்து நீக்கி உத்தரவு வந்தது. கவனக்குறைவு என்று காரணம். காசு கட்டி விண்ணப்பிக்கும் மாணவர்களின் தாள்கள் மட்டும் மறுபடி ஸ்கேன் செய்யப்பட்டுத் திருத்தப்படும்.

போகும்போது சாவியை என்னிடம் கொடுத்தாள். மெஷின் கண்ணாடியை எந்தத் துணியால் துடைக்க வேண்டும், எதால் துடைக்கக் கூடாது என்று அடுத்து வருகிறவருக்குச் சொல்லச் சொன்னாள். "பழைய பனியன் துணிதான் சார். டவலு கீறிரும்."

டிசம்பர் 25, வியாழன்

கோமதி கதவைத் திறந்தாள். ரூபியின் கணவர். கையில் கேக் டப்பா. "வீட்ல குடுத்துவிட்டா," என்று சொல்லிவிட்டு, உள்ளே வரச் சொல்லியும் வராமல் போய்விட்டாராம். நான் அப்போது குளித்துக்கொண்டிருந்தேன். அதாவது, குளியலறையில் இருந்தேன்.

"வீட்லயே சுட்டது. கடை கேக்கு மாதிரி இல்ல, நல்லா இருக்கு. ஒரு துண்டு சாப்பிட்டுப் பாருங்களேன்," என்றாள் கோமதி.

எனக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 8, வியாழன்

மறுதிருத்தல் முடிவுகள். உலகம்மாளுக்கு எண்பத்தொன்பது. அவள் அப்பா கன்ட்ரோலருக்கு ஒரு தார் வாழைப்பழம் கொண்டுவந்தார். விண்ணப்பிக்காதவர்களின் மதிப்பெண்ணில் மாற்றம் இல்லை. அவர்களில் எத்தனை பேர் நெருக்கி எழுதியவர்கள் என்று கண்டுபிடிக்க முடியும். யாரும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை.

ஜனவரி 21, புதன்

ரூபி போன் செய்தாள். வள்ளியூரில் ஒரு கல்லூரியில் ஸ்கேன் வேலை காலியாக இருக்கிறதாம். "உங்க பேரத்தான் சார் குடுத்திருக்கேன். போன் வந்தா ஒரு வார்த்த சொல்லுவீங்கள்லா?"

"கட்டாயம் சொல்கிறேன் அம்மா."

முன்னெல்லாம் அவளை அம்மா என்று கூப்பிட்டதில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

வள்ளியூரிலிருந்து அழைத்தார்கள். அவர்களின் முதல்வர்.

"எஸ்தர் ரூபி எப்படி சார்?"

"நல்ல உழைப்பாளி."

"வேலைல பக்கமெல்லாம் விட்டுப்போச்சுன்னு கேள்விப்பட்டோமே?"

"ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்றார்.

"இருக்கிறேன். கமிட்டி அப்படித்தான் சொல்லியிருக்கிறது," என்றேன்.

"கமிட்டி கெடக்கட்டும் சார். நீங்க என்ன சொல்லுதீங்க?"

"நானும் அந்தக் கமிட்டியில்தான் இருந்தேன்."

"புரிஞ்சிட்டு சார். தேங்க்ஸ்," என்று வைத்துவிட்டார்.

என்ன புரிந்துகொண்டார் என்று எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 20, வெள்ளி

அடுத்த பருவத்துக்கான விடைத்தாள்கள் அச்சாகி வந்தன. முதல் பக்கத்தில் புதிய விதி சேர்த்திருக்கிறார்கள்: "மாணவர்கள் பெரிய எழுத்தில், இடைவெளி விட்டு எழுத வேண்டும். ஒரு பக்கத்தில் இருபது வரிகளுக்கு மேல் எழுதக் கூடாது." என் யோசனை என்று கன்ட்ரோலர் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் அப்படி எதுவும் சொன்ன நினைவு இல்லை.

தணிக்கையாளர் மறுபடி வந்து, பெட்டி மூன்றாம் தட்டில் இருப்பதே முறை என்றார். மாற்றி வைத்தோம். இப்போது ஏசி அதன்மேல் சொட்டுவதால் ஒரு பிளாஸ்டிக் தட்டை மேலே கவிழ்த்திருக்கிறேன்.

வள்ளியூர் வேலைக்கு வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள்.